காதல் நாவலை வாசித்தல்: ஜானிஸ் ராட்வேயின் ஆய்வும் ஸ்மித்டன் வாசகியரின் பரிந்துரைகளும்

'ரீடிங் தி ரொமான்ஸ்' (காதல் நாவலை வாசித்தல், 1984) அமெரிக்கப் பண்பாட்டு ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே எழுதிய ஆய்வு நூல். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு புத்தகக் கடையைச் சுற்றி அமைந்த வாசகியர் வட்டத்தை அது ஆராய்கிறது. அப்பெண்கள் எந்தக் காதல் நாவல்களை விரும்பினார்கள், எவற்றை ஒருவருக்கொருவர் பரிந்துரைத்தார்கள், எவற்றை ஒதுக்கினார்கள், ஏன் என்பவை நூலின் மையக் கேள்விகள். வணிக எழுத்தை வாசகர் தரப்பிலிருந்து ஆராய்ந்த முன்னோடி நூல்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. வாசகியரின் ரசனையை மதித்துத் தொடங்கும் இந்நூல் அந்த ரசனையின் மேல் இறுதியில் தீர்ப்பும் வழங்குகிறது. அதனால் எழுந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

நூலும் ஆசிரியரும்

ராட்வே இந்த ஆய்வைச் செய்த காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க நாகரிகத் துறையில் பணியாற்றினார். பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். நூலை வட கரோலினா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1984-ல் வெளியிட்டது. 'பெண்கள், ஆணாதிக்கம், வெகுஜன இலக்கியம்' என்பது அதன் துணைத்தலைப்பு. 1991-ல் புதிய முன்னுரையுடன் மறுபதிப்பு வந்தது. அம்முன்னுரையில் ராட்வே தன் ஆய்வின் குறைகளைத் தானே பரிசீலித்திருக்கிறார்.

பதிப்புத் தொழில், வாசகியர் வட்டம், வாசிப்பு என்னும் செயல், சிறந்த காதல் நாவலின் அமைப்பு, தோல்வியடைந்த காதல் நாவல், மொழிநடை ஆகியவற்றைப் பற்றி ஆறு அத்தியாயங்களும் ஒரு முடிவுரையும் நூலில் உள்ளன. முதல் அத்தியாயம் நாவல்களின் கதையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நூல் ஏன் விற்கிறது என்பதற்கு வாசகரின் மன ஏக்கம் மட்டும் காரணமல்ல, அது எப்படி அச்சிடப்பட்டு எந்தக் கடையில் கிடைக்கிறது என்பதும் காரணம் என்பது ராட்வேயின் முதல் வாதம்.

காதல் நாவல் என்னும் வகைமை

தமிழில் காதல் நாவல் என்ற சொல் காதலைப் பற்றிய எந்த நாவலையும் குறிக்கும். காதலர்கள் சாகும் கதையும் பிரியும் கதையும் அதில் அடங்கும். ஆங்கிலப் பதிப்புலகில் 'ரொமான்ஸ்' என்று விற்கப்படும் வகைமைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காதல் வளர்வதே முதன்மைக் கதையாக இருக்கவேண்டும். அது மகிழ்ச்சியில் முடியவேண்டும். டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' காதலைப் பற்றிய பெரும் நாவல், ஆனால் இந்த வகைமைக்குள் வராது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813), சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' (1847) ஆகியவை இவ்வகைமையின் மூதாதைகளாகக் கொள்ளப்படுகின்றன. சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமீலா' (1740) அவற்றுக்கும் முந்தையது.

இருபதாம் நூற்றாண்டில் இது தனிப் பதிப்புத் தொழிலாக வளர்ந்தது. லண்டனில் 1908-ல் ஜெரால்ட் மில்ஸ், சார்லஸ் பூன் இருவரும் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் 1930-களில் காதல் நாவல்களில் கவனம் குவித்தது. கனடாவில் 1949-ல் தொடங்கப்பட்ட ஹார்லெக்வின் நிறுவனம் 1957 முதல் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களை வட அமெரிக்காவில் மறுபதிப்புச் செய்தது. 1971-ல் அந்நிறுவனத்தையே வாங்கியது. சோப்பு முதலிய வீட்டுப் பொருட்களை விற்கும் பெருநிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிளில் இருந்து வந்த லாரன்ஸ் ஹைசி ஹார்லெக்வினின் தலைமைக்கு வந்தபின், நாவலும் அதே முறையில் விற்கப்பட்டது. தனித்தனி நூல்களை விளம்பரப்படுத்துவதைவிட ஒரே முத்திரையை விளம்பரப்படுத்துவது, பெண்கள் அன்றாடம் செல்லும் கடைகளில் நூலை வைப்பது, ஒரே அளவில் ஒரே பக்க எண்ணிக்கையில் மாதந்தோறும் வெளியிடுவது ஆகியவை அந்த முறையின் கூறுகள்.

1972-ல் ஏவான் நிறுவனம் வெளியிட்ட கேத்லீன் வுடிவிஸின் 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' மற்றொரு திருப்பம். கேட்காமல் வந்து குவிந்திருந்த கைப்பிரதிகளில் இருந்து நான்சி காஃபி என்ற பதிப்பாசிரியர் அதை எடுத்தார். கெட்டி அட்டையில் வராமல் நேரடியாக பேப்பர்பேக்காகவே வந்த நீண்ட வரலாற்றுக் காதல் நாவல் அது. படுக்கையறைக் காட்சிகள் விரிவாக இருந்தன. பெரும் விற்பனை கண்டது. அதன்பின் அதைப்போன்ற நூற்றுக்கணக்கான நாவல்கள் வந்தன. அட்டைப்படங்கள் ஒன்றுபோல் இருந்தன, பின்னட்டைக் குறிப்புகளும் ஒன்றுபோல் இருந்தன. எது நல்ல நாவல், எது கெட்ட நாவல் என்று கடையில் நிற்கும் வாசகிக்குத் தெரியவில்லை. பரிந்துரைக்கு அப்போதுதான் தேவை உருவானது.

டாட் என்னும் பரிந்துரையாளர்

ராட்வே தன் நூலில் ஊரின் உண்மைப் பெயரையும் வாசகியரின் உண்மைப் பெயர்களையும் மறைத்திருக்கிறார். ஊருக்கு ஸ்மித்டன் என்றும் புத்தகக் கடையில் பணியாற்றிய பெண்ணுக்கு டோரதி எவன்ஸ் என்றும் பெயர் சூட்டினார். அவரை எல்லோரும் டாட் என்று அழைத்தார்கள். டாட் இல்லத்தரசி, தாய். வீட்டு வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் சோர்ந்து உடல்நலம் குன்றியிருந்தபோது, தனக்கென்று மகிழ்ச்சி தரும் ஏதாவது ஒன்றை அன்றாடம் செய்யும்படி மருத்துவர் சொன்னார். அவர் வாசிப்பைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

கடைக்கு வந்த பெண்கள் தாங்கள் வாங்கிய நாவல்களைப் பற்றி அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். அட்டையைப் பார்த்து வாங்கினால் உள்ளே வன்முறையும் துயரமும் இருந்தன. கையில் இருக்கும் பணம் குறைவு, கிடைக்கும் நேரம் அதைவிடக் குறைவு. டாட் புதிதாக வரும் நாவல்களை வாசித்து எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று சொல்லத் தொடங்கினார். பிறகு அந்த மதிப்பீடுகளை ஒரு செய்திமடலாக எழுதினார். காதல் நாவல் வாசிப்பு பற்றிய டோரதியின் நாட்குறிப்பு என்பது அதன் பெயரின் பொருள். அது நியூயார்க் பதிப்பாசிரியர்களின் கவனத்துக்கும் சென்றது. அவர்கள் வழியாகவே ராட்வே டாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டார்.

1980-ல் ராட்வே அவ்வூருக்குச் சென்றார். டாட்டின் வாடிக்கையாளர்களில் 16 பேரிடம் குழுவாகவும் தனியாகவும் நேர்காணல் செய்தார். 42 பேர் நீண்ட வினாப்பட்டியலை நிரப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திருமணமாகிக் குழந்தைகளுடன் இருந்த நடுத்தர வர்க்கப் பெண்கள்.

டாட் செய்தது விமர்சனமா என்ற கேள்வியை ராட்வே நேரடியாக எழுப்புவதில்லை. ஆனால் நூல் தரும் சித்திரத்தில் இருந்து பதிலை ஊகிக்கலாம். டாட்டுக்குத் தெளிவான அளவுகோல் இருந்தது. அந்த அளவுகோலை ஒவ்வொரு நூலுக்கும் பொருத்திப் பார்த்தார். பதிப்பகத்தின் விளம்பரத்தை நம்பவில்லை. தவறாகப் பரிந்துரைத்தால் மறுவாரம் அதே வாசகி கடைக்கு வந்து கேட்பார். கல்விப்புல விமர்சகருக்கு இத்தகைய பொறுப்பு பெரும்பாலும் இல்லை.

வாசகியரின் அளவுகோல்

நல்ல காதல் நாவலுக்கு இன்றியமையாத கூறுகள் எவை என்ற கேள்விக்கு முதலில் வந்த பதில் மகிழ்ச்சியான முடிவு. அடுத்தது, நாயகனுக்கும் நாயகிக்கும் இடையே மெதுவாக, ஆனால் தொடர்ந்து வளரும் காதல். மூன்றாவது, அவர்கள் சேர்ந்தபின் எப்படி வாழ்ந்தார்கள் என்பது பற்றிய சில விவரங்கள். நாவலில் வரவே கூடாதவை என்று அவர்கள் சொன்னவற்றில் பாலியல் வல்லுறவு, துயர முடிவு, உடல் வதை, அப்பட்டமான பாலியல் விவரிப்பு, பலருடன் உறவுகொள்ளும் நாயகன் அல்லது நாயகி ஆகியவை இருந்தன. நாயகனிடம் அவர்கள் தேடியவை அறிவு, மென்மை, நகைச்சுவை உணர்வு. நாயகியிடம் அறிவு, நகைச்சுவை உணர்வு, சுதந்திர மனம்.

இந்தப் பதில்கள் காதல் நாவல் பற்றி அன்று நிலவிய கருத்துக்கு மாறானவை. 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் பெண்ணிய விமர்சகர்கள் பலர் இந்நாவல்களைக் கடுமையாக நிராகரித்தார்கள். ஜெர்மைன் கிரீர் 'தி ஃபீமேல் யூனக்' (1970) நூலில், பெண்கள் தம் தளைகளைத் தாமே நேசிப்பதன் அடையாளமாக இவற்றைக் கண்டார். ஆன் டக்ளஸ் 1980-ல் எழுதிய கட்டுரையில் ஹார்லெக்வின் நாவல்களை ஒருவகை மென்பாலியல் எழுத்தாக வகைப்படுத்தினார். பெண்கள் அடிமைப்படுவதில் இன்பம் காண்கிறார்கள் என்ற முடிவு அதிலிருந்து எளிதாக வந்தது. ஸ்மித்டன் பெண்கள் கேட்டதோ கொடுமையற்ற, மென்மையான, சிரிக்கத் தெரிந்த ஆணை. அவர்கள் தேடியது அடிமைப்படுதலை அல்ல என்பதை ராட்வே உறுதியாகப் பதிவுசெய்தார்.

பரிந்துரைக்கப்பட்ட நாவல்கள்

வாசகியர் அதிகம் குறிப்பிட்ட நாவல்களிலிருந்து 20 நூல்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை ராட்வே ஆராய்ந்தார். அதில் வுடிவிஸின் இடம் முதன்மையானது.

தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர் (1972): பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழும் கதை. பெற்றோரை இழந்து அத்தையின் கொடுமையில் வாழும் ஹெதர், தன்னைக் கெடுக்க முயன்றவனிடமிருந்து தப்பி லண்டன் துறைமுகத்துக்கு ஓடுகிறாள். அமெரிக்கக் கப்பல் தலைவன் பிராண்டன் அவளை விலைமகள் என்று தவறாக எண்ணி வல்லுறவு கொள்கிறான். அவள் கருவுற்றது தெரிந்ததும் திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தப்படுகிறான். கரோலினாவில் அவனுடைய பண்ணை வீட்டில், இருவரும் விலகி வாழும் நீண்ட காலத்தில் காதல் வளர்கிறது.

தி வுல்ஃப் அண்ட் தி டவ் (1974): 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற காலத்தின் கதை. தோற்ற தரப்பின் ஆங்கிலேயப் பெண் எய்ஸ்லினும் வென்ற தரப்பின் வீரன் வுல்ஃப்காரும் முதன்மைப் பாத்திரங்கள்.

ஷானா (1977): தந்தை விரும்பும் திருமணத்தைத் தவிர்க்க, தூக்குத் தண்டனை பெற்ற கைதியைச் சிறையில் மணந்துகொள்ளும் செல்வப் பெண்ணின் கதை. கைதி சாகாமல் அவள் தந்தையின் கரீபியத் தீவுக்கே வந்துசேர்கிறான். இப்பட்டியலில் நகைச்சுவைக்கு அதிக இடமளிக்கும் நாவல்.

ஆஷஸ் இன் தி விண்ட் (1979): அமெரிக்க உள்நாட்டுப் போரின் பின்னணியில், ஆண்பிள்ளை வேடத்தில் நியூ ஆர்லியன்ஸ் வரும் தென்மாநிலப் பெண்ணுக்கும் எதிர்த்தரப்பு ராணுவ மருத்துவருக்கும் இடையிலான காதல்.

லாவர்ல் ஸ்பென்சரின் 'தி ஃபுல்ஃபில்மென்ட்' (1979) இவற்றில் இருந்து வேறுபட்டது. கடற்பயணமோ பிரபுவோ அதில் இல்லை. மினசோட்டாவின் கோதுமை வயல்களில், குழந்தையில்லாத தம்பதியரும் கணவனின் தம்பியும் வாழும் ஒரு வீடு. குழந்தைக்காகக் கணவனே தம்பியிடம் வைக்கும் கோரிக்கையும் அதனால் மூவருக்கும் நேரும் மனப்போராட்டமும் கதை. உழைக்கும் மனிதர்களின் அன்றாடம் இவ்வளவு விரிவாகப் பதிவானது இந்த வகைமையில் குறைவு. பொதுவான இலக்கிய வாசகர் ஒருவர் இப்பட்டியலில் இருந்து ஒரு நூலை மட்டும் எடுப்பதாக இருந்தால் இதை எடுக்கலாம்.

லாரி மெக்பெயினின் 'மூன்ஸ்ட்ரக் மேட்னஸ்' (1977), எகிப்தியல் அறிஞரான பார்பரா மெர்ட்ஸ் எலிசபெத் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய 'சம்மர் ஆஃப் தி டிராகன்' (1979) ஆகியவையும் பட்டியலில் இடம்பெற்றன. பின்னது அகழாய்வுப் பின்னணி கொண்ட, கேலி நிறைந்த நாவல்.

இப்பட்டியலில் ஒரு முரண்பாடு உண்டு. வல்லுறவு வரக்கூடாது என்று சொன்ன வாசகியர் மிகவும் விரும்பிய நாவல் வல்லுறவில் தொடங்குகிறது. ராட்வே இதைத் தவிர்த்துச் செல்லவில்லை. வாசகியர் இருவகை வன்முறைகளைப் பிரித்துப் பார்த்தார்கள் என்கிறார். நாயகன் கொடூரத்தில் இன்பம் காண்பவனாக இருந்தால் நாவலை ஒதுக்கினார்கள். அவன் தவறான புரிதலால் அப்படி நடந்துகொண்டான், பின்னர் வருந்தி நீண்ட காலம் மென்மையாக நடந்தான் என்று நாவல் நம்பவைத்தால் மன்னித்தார்கள். இந்த மன்னிப்பைத்தான் ராட்வே தன் ஆய்வின் மிக முக்கியமான, மிகவும் கவலைக்குரிய கண்டடைதலாக வளர்த்தெடுக்கிறார். ஆணின் வன்முறைக்குப் பின்னால் அன்பு மறைந்திருக்கிறது என்று நம்பக் கற்றுத்தரும் கதை, அந்த வன்முறையை எதிர்ப்பதற்கான தேவையையே இல்லாமலாக்குகிறது என்பது அவர் வாதம்.

வாசிப்பு என்னும் செயல்

ராட்வே நாவல்களில் உள்ள கதையைப் பற்றிக் கேட்கச் சென்றார். பெண்களோ வாசிக்கும் செயலைப் பற்றிப் பேசினார்கள். நூலின் ஆழமான பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அந்த நேரம் தங்களுடையதாகிறது என்று அவர்கள் சொன்னார்கள். சமையல், பிள்ளைகள், கணவன், வீட்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும் நாளின் எல்லா நேரத்திலும் பதில் சொல்லவேண்டிய ஒருவர், பக்கத்தைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்தும்போது, இப்போது என்னை அழைக்காதீர்கள் என்று அறிவிக்கிறார். சிலருடைய கணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே அறையில் அமர்ந்திருந்தாலும் மனைவி அங்கே இல்லை என்பது அவர்களை உறுத்தியது.

இதை விளக்க ராட்வே சமூகவியலாளர் நான்சி சோடோரோவின் 'தி ரீப்ரொடக்ஷன் ஆஃப் மதரிங்' (1978) நூலின் கருத்துகளைப் பயன்படுத்தினார். குடும்பத்தில் எல்லோரையும் பேணுபவள் பெண். அவளைப் பேணுவதற்கு யாருமில்லை. காதல் நாவலின் நாயகன் இறுதியில் நாயகியைத் தாயைப்போல் கவனித்துக்கொள்கிறான். அவள் சொல்லாமலே அவள் தேவையை அறிகிறான். வாசகி அந்தச் சில மணிநேரம் பேணப்படுபவளாகிறாள். மகிழ்ச்சியான முடிவு ஏன் கட்டாயம் என்பதும் சிலர் கடைசிப் பக்கத்தை முதலிலேயே வாசித்துப் பார்ப்பதும் இதனால் புரிகிறது. களைத்துப்போன ஒருவர் ஓய்வுக்காகச் செல்லும் இடம் பாதுகாப்பானதுதானா என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொள்கிறார்.

வாசகியர் இன்னொரு காரணமும் சொன்னார்கள். வரலாறு, புவியியல், பழைய வாழ்க்கைமுறைகள் பற்றி இந்நாவல்களில் இருந்து கற்றுக்கொள்கிறோம் என்றார்கள். வீட்டில் வீண்பொழுது என்று குற்றம் சொல்பவர்களுக்கு அளிக்கத்தக்க பதிலாகவும் அது இருந்தது என்று ராட்வே கருதுகிறார்.

பதின்மூன்று படிகள்

ருஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-ல் ருஷ்யத் தேவதைக் கதைகளின் அமைப்பை ஆராய்ந்தார். அம்முறையைப் பின்பற்றி, வாசகியர் விரும்பிய நாவல்களின் கதையமைப்பை ராட்வே 13 படிகளாகப் பகுத்தார். அவற்றைச் சுருக்கமாக இவ்வாறு சொல்லலாம். நாயகி தன் சமூக அடையாளத்தை இழக்கிறாள். செல்வாக்குள்ள ஆண் ஒருவனிடம் பகைமை கொள்கிறாள். அவன் நடத்தை எப்படிப்பட்டது என்று அவளுக்குப் புரிவதில்லை. அவனுக்குத் தன் உடல்மேல் மட்டுமே விருப்பம் என்று எண்ணுகிறாள். கோபமோ குளிர்ச்சியோ காட்டுகிறாள். அவன் அவளைத் தண்டிக்கிறான். இருவரும் பிரிகிறார்கள். அவன் மென்மை காட்டுகிறான். அவள் இளகுகிறாள். அவனுடைய பழைய நடத்தைக்குக் காரணம் அவன் முன்பு அடைந்த காயம் என்று புதிதாகப் பொருள்கொள்கிறாள். அவன் காதலை அறிவிக்கிறான். அவள் உடலாலும் உள்ளத்தாலும் ஏற்கிறாள். அவள் அடையாளம் மீள்கிறது.

இவற்றில் பத்தாவது படிதான் திருப்பம். நாயகன் மாறுவதால் கதை முடிவதில்லை. நாயகி அவனைச் சரியாக வாசிக்கக் கற்றுக்கொள்வதால் முடிகிறது. அவனுடைய கடுமை முதலிலிருந்தே அன்புதான் என்று அவள் அறிந்தால் போதும். மாற்றத்தின் சுமை முழுவதும் பெண்ணின் தோளில் விழுகிறது.

ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். எலிசபெத்தும் டார்சியைத் தவறாகப் புரிந்துகொள்கிறாள், கோபம் கொள்கிறாள், அவன் கடிதத்தை வாசித்தபின் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறாள். மேலோட்டமாக அதே படிகள். ஆனால் டார்சியின் அகந்தை அன்பின் மறைவடிவம் என்று ஆஸ்டின் சொல்வதில்லை. அது அகந்தைதான். எலிசபெத் அவனை மறுத்த முறையே அவனைத் தன்னைத் தானே பார்க்கவைக்கிறது. பெம்பர்லியில் அவளுடைய உறவினர்களிடம் அவன் நடந்துகொள்ளும் விதம் அவன் மாறிவிட்டதற்குச் சான்று. இருவரும் தவறு செய்தார்கள், இருவரும் திருந்தினார்கள். 'ஜேன் ஐர்' நாவலிலும் ஜேன் ராச்செஸ்டரை மன்னித்துத் தங்கிவிடுவதில்லை. அவனை நேசித்தபடியே வெளியேறுகிறாள். அவள் திரும்பும்போது அவனும் அவனுடைய உலகமும் மாறியிருக்கின்றன. பிற்கால வணிக நாவல்கள் இந்த முன்னோடிகளிடமிருந்து பகைமையையும் பிரிவையும் எடுத்துக்கொண்டன. நாயகன் மாறவேண்டும் என்ற நிபந்தனையைப் பலசமயம் விட்டுவிட்டன.

தோல்வியடைந்த காதல் நாவல்

வாசகியர் வெறுத்த நாவல்களுக்கு ராட்வே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். விரும்பப்பட்ட நாவல்களிலும் வெறுக்கப்பட்ட நாவல்களிலும் இருப்பவை ஏறத்தாழ ஒரே பொருட்கள்: ஆணின் அதிகாரம், பெண்ணின் அச்சம், வன்முறை. வேறுபாடு அளவில் உள்ளது. தோல்வியடைந்த நாவலில் வன்முறை நீள்கிறது, மென்மை கடைசிச் சில பக்கங்களில் அவசரமாக வருகிறது. வாசகிக்கு அந்த முடிவில் நம்பிக்கை வருவதில்லை. அத்தகைய நாவல் ஆணாதிக்கத்தின் உண்மைக்கு மிக அருகில் சென்றுவிடுகிறது, ஆகவே ஆறுதல் அளிக்க முடிவதில்லை என்பது ராட்வேயின் விளக்கம். மெதுவாக வளரும் காதல் வேண்டும் என்று வாசகியர் கேட்டதன் காரணம் இந்த இடத்தில் தெளிவாகிறது. அது அழகியல் எதிர்பார்ப்பு மட்டுமல்ல, நம்பகத்தன்மைக்கான கோரிக்கை.

விமர்சனங்கள்

ராட்வேயின் முடிவு இருமுனை கொண்டது. காதல் நாவலை வாசிப்பது பெண்கள் தம் வாழ்வின் போதாமையை உணர்ந்து செய்யும் சிறு எதிர்ப்பு. ஆனால் கதையின் உள்ளடக்கம் அந்த எதிர்ப்பைத் தணித்து அவர்களை அதே வாழ்வுக்குத் திருப்பி அனுப்புகிறது. எதிர்காலத்தில் பெண்ணிய இயக்கம் இவ்வாசகியருடன் உரையாடவேண்டும் என்ற விருப்பத்துடன் நூல் முடிகிறது.

ஊடக ஆய்வாளர் இயன் ஆங் 1988-ல் இந்த முடிவை விமர்சித்தார். பெண்ணியவாதிக்கும் வாசகிக்கும் இடையே ராட்வே ஒரு கோடு கிழிக்கிறார், வாசகியரின் இன்பத்தை இன்பமாகவே பார்க்காமல் குணப்படுத்தவேண்டிய குறையாகப் பார்க்கிறார் என்பது அவரது வாதம். காதல் நாவல் வாசிப்பவரே பெண்ணியவாதியாகவும் இருக்கலாம் என்ற சாத்தியத்தை அது விட்டுவிடுகிறது.

காதல் நாவலாசிரியர்களும் பதிலளித்தார்கள். ஜேன் ஆன் கிரென்ட்ஸ் தொகுத்த 'டேஞ்சரஸ் மென் அண்ட் அட்வென்ச்சரஸ் விமன்' (1992) நூலில் எழுத்தாளர்களே தங்கள் வகைமைக்காக வாதிட்டார்கள். வலிமையான ஆணை நாயகி வெல்வதே கதை, இறுதியில் அடங்குபவன் அவன்தான் என்பது அவர்களுடைய தரப்பு. பமீலா ரெஜிஸ் 'எ நேச்சுரல் ஹிஸ்டரி ஆஃப் தி ரொமான்ஸ் நாவல்' (2003) நூலில் இந்த வகைமையை 'பமீலா' முதல் தொடரும் இலக்கிய வடிவமாக அணுகி, அதற்கு எட்டு அடிப்படைக் கூறுகளை வகுத்தார். சிறு வட்டமொன்றின் விருப்பங்களைக் கொண்டு ஒரு வகைமை முழுவதற்கும் தீர்ப்பு சொல்ல முடியுமா என்ற கேள்வியும் எழுந்தது. ஒரு வட்டத்தின் ஆய்வைப் பொதுமைப்படுத்துவதில் உள்ள இடரை ராட்வே தன் நூலிலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மதிப்பீடு

நூலின் நிலைத்த பங்களிப்பு இரண்டு. ஒரு நூலின் பொருள் அதன் பக்கங்களில் மட்டும் இல்லை, அதை யார், எப்போது, எந்தச் சூழலில் வாசிக்கிறார் என்பதிலும் இருக்கிறது என்று அது நடைமுறைச் சான்றுகளுடன் காட்டியது. வெகுஜன வாசகரை ஏமாளி என்று கொள்ளாமல், தேர்வும் மறுப்பும் உள்ளவராகக் கண்டது. அதற்கு முந்தைய விமர்சகர்கள் தாமே சில நாவல்களை எடுத்து வாசித்து வாசகியரின் மனத்தை ஊகித்தார்கள். ராட்வே சென்று கேட்டார். அவர் ஆராய்ந்த பட்டியலே வாசகியர் கொடுத்தது.

அதேசமயம் ஒரு போதாமையும் உண்டு. விரும்பப்பட்ட 20 நாவல்களையும் அவர் ஒரே அமைப்பாகச் சுருக்குகிறார். டாட் அப்படிச் செய்யவில்லை. ஒரே சட்டகத்தில் எழுதப்பட்ட ஐந்து நாவல்களில் நான்கை ஒதுக்கி ஒன்றைப் பரிந்துரைப்பதே அவருடைய பணி. சட்டகம் ஒன்றே என்றால் வுடிவிஸ் ஏன் மற்றவர்களைவிட விரும்பப்பட்டார் என்ற கேள்விக்கு 13 படிகளில் பதில் இல்லை. நகைச்சுவை, உரையாடல், காலம் மெதுவாக நகரும் உணர்வு, பின்னணியின் விவரச் செறிவு ஆகியவற்றில் பதில் இருக்கலாம். எழுத்தாளரின் திறன் என்று வாசகர்கள் எளிதாகச் சொல்வது இவற்றைத்தான். அமைப்பியல் ஆய்வு காண மறந்ததைக் கடைப்பெண்ணின் பரிந்துரை கண்டது.

டாட்டின் முறைக்கும் எல்லை உண்டு. ஆறுதல் அளிக்கும் நூலை மட்டும் பரிந்துரைக்கும் வட்டத்தில், வாசகியைக் கலங்கவைத்து அவள் வாழ்வைக் கேள்விகேட்கும் நூல் நுழைய முடியாது. எமிலி பிராண்டியின் 'வதரிங் ஹைட்ஸ்' (1847) அந்த அளவுகோலில் தோற்றுவிடும். நாயகனின் கொடுமைக்குப் பின்னால் மென்மை ஒளிந்திருக்கிறது என்று ஒரு பெண் நம்பினால் என்ன ஆகும் என்பதை இசபெல்லாவின் வழியாக அந்நாவல் இரக்கமின்றிக் காட்டுகிறது. 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' நாவலை விரும்பியவருக்கு அடுத்து வாசிக்கக் கொடுக்கவேண்டிய நூல் அதுவாகவே இருக்கலாம். நல்ல பரிந்துரை வாசகரின் விருப்பத்தை அறிந்து தொடங்குகிறது, சில சமயம் அந்த விருப்பத்துக்குச் சற்று வெளியே உள்ள நூலையும் நீட்டுகிறது.

ராட்வே தன் அடுத்த நூலான 'எ ஃபீலிங் ஃபார் புக்ஸ்' (1997) வழியாக மீண்டும் பரிந்துரை என்னும் செயலுக்கே வந்தார். 1926-ல் தொடங்கப்பட்ட மாதம் ஒரு நூல் மன்றம் என்ற அமைப்பின் தேர்வாளர்கள் நடுத்தர வர்க்க வாசகர்களுக்காக எப்படி நூல்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அதன் பேசுபொருள். அதில் ராட்வே தன் இளமைக்கால வாசிப்பையும் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். முதல் நூலில் வாசகியருக்கு வெளியே நின்றவர் இரண்டாம் நூலில் தன்னையும் ஒரு வாசகியாகச் சேர்த்துக்கொண்டார்.